18446744073709551615: ஒரு 20 இலக்கப் பகு எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்க முழுமையான வழிகாட்டி

20 இலக்க எண் ஒன்றைக் கொடுத்து "இதன் பகாக் காரணிகள் என்ன, வகுத்திகள் எத்தனை, இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா" என்று கேட்டால் நம்மில் பெரும்பாலானோர் நேராகக் கணினியைத் திறப்போம். திறக்கலாம், தப்பே இல்லை, ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் அது காரணிகளின் பட்டியலைத் தரும், அவ்வளவுதான். அந்த எண் ஏன் அப்படி உடைகிறது, அந்த உடைசலிலிருந்து வேறு என்னவெல்லாம் தெரியவரும் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்காது. இந்த வழிகாட்டியில் ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு கடைசி வரை போகப் போகிறோம். தேவையானது தாள், பேனா, பத்தாம் வகுப்பு இயற்கணிதம். கணினி சரிபார்க்க மட்டும்.

எண் இதுதான்: 18446744073709551615. சொல்லிப் பார்த்தால் சுமார் 1 லட்சத்து 84 ஆயிரம் கோடி கோடி. நிரல் எழுதுகிறவர்கள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள், 64 பிட்டில் (64 இரும இலக்கங்களில்) குறியில்லாமல் எழுதக்கூடிய மிகப் பெரிய எண், அதாவது 2⁶⁴ − 1. பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்காஸ் 1883-இல் வெளியிட்ட ஹனோய் கோபுரப் புதிரில் 64 தட்டுகளை நகர்த்தக் குறைந்தது இத்தனை நகர்த்தல் வேண்டும். நொடிக்கு ஒன்று என்று நகர்த்தினாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இந்த எண்ணை நான் தேர்ந்தெடுத்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரிய எண் என்றாலே கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணின் அளவு நம்மைத் தடுப்பதைவிட, அது எப்படி உருவானது என்று தெரியாமல் இருப்பதுதான் அதிகம் தடுக்கும். உருவான விதம் தெரிந்துவிட்டால் 20 இலக்கம் ஒரு பொருட்டே இல்லை.

படி 1: எண்ணைச் சிதையாமல் கையில் எடுங்கள்

இது சின்னப் படிதான், ஆனால் இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஜாவாஸ்கிரிப்டில் 2**64-1 என்று அடித்தால் 18446744073709552000 என்று வரும். கடைசியில் மூன்று பூச்சியம்! நம் எண் ஒற்றை எண், இது இரட்டை எண். தசம எண்களை 64 பிட்டில் சேமிக்கும் வழக்கமான முறையில் 2⁵³, அதாவது 9007199254740992 வரைதான் எல்லா முழு எண்களும் துல்லியமாக நிற்கும், அதற்கு மேல் போனால் பக்கத்தில் உள்ள ஏதோ ஓர் எண்ணுக்கு அது தாவிவிடும். எக்செல் இன்னும் மோசம், 15 இலக்கத்துக்கு மேல் பூச்சியமாக்கிவிடும்.

பைத்தானில் முழு எண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வகுக்கும்போது ஒற்றைச் சாய்கோடு போட்டால் விடை தசம எண்ணாகி இதே சிக்கல் பின்வாசல் வழியாக வந்துவிடும், இரட்டைச் சாய்கோடு போடுங்கள்.

படி 2: சின்னச் சின்ன வகுபடு சோதனைகள்

இலக்கங்களைக் கூட்டுங்கள்: 87 வரும். 87 மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. ஆகவே நம் எண்ணில் 3 ஒரே ஒரு முறைதான் காரணியாக வரும். கடைசி இலக்கம் 5, ஆகவே 5 ஒரு காரணி. கடைசி இரண்டு இலக்கம் 15 என்பதால் 25 வராது.

7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 7 × 11 × 13 = 1001 என்பதால், எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் வருவதும் மூல எண்ணும் 1001-ஆல் வகுக்கும்போது ஒரே மீதியைத் தரும். நம் எண்ணை வெட்டினால் 18, 446, 744, 073, 709, 551, 615. கணக்கு இப்படிப் போகும்:

615 − 551 + 709 − 73 + 744 − 446 + 18 = 1016

1016-இல் 1001 போக மீதி 15. அந்த 15-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1, 11-ஆல் வகுத்தால் 4, 13-ஆல் வகுத்தால் 2. மூன்றுமே காரணி இல்லை. இருபது இலக்க எண்ணுக்கு ஒரு வரிக் கணக்கு, மோசமில்லை அல்லவா?

இப்படியே 17, 19, 23 என்று போய்க்கொண்டே இருக்கலாம்தான். எதுவரை? வர்க்கமூலம் வரை, அதாவது கிட்டத்தட்ட 429 கோடி வரை. அதனால் இந்தப் பாதையை இங்கேயே விட்டுவிடுவோம்.

படி 3: எண்ணின் உருவத்தைப் பயன்படுத்துங்கள்

அ² − 1 = (அ − 1)(அ + 1). இந்த ஒரு சூத்திரத்தை வைத்துக்கொண்டு முக்கால்வாசி வேலையை முடித்துவிடலாம். 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம், ஆகவே

2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1)

முதல் அடைப்புக்குள் இருப்பதும் அதே உருவம்தான், அதையும் உடையுங்கள். அது 2¹⁶ − 1, 2¹⁶ + 1 ஆகும். மறுபடி 2⁸, 2⁴, 2², 2 என்று இறங்கிக்கொண்டே வந்தால் கடைசியில்

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

என்று ஆறு துண்டாகிவிடும். இந்த ஆறும் 2 + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1, 2³² + 1 என்ற வரிசை. 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மாவின் பெயரால் இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர்.

ஒரு பக்கக் குறிப்பு. பெரிய எண்ணைக் காரணிப்படுத்த ஃபெர்மா சொன்ன இன்னொரு முறை உண்டு: வர்க்கமூலத்துக்குச் சற்று மேலே உள்ள முழு எண்ணை எடுத்து, வர்க்கமாக்கி, நம் எண்ணைக் கழித்து, மிச்சம் ஒரு முழு வர்க்கமா என்று பார்ப்பது, இல்லையென்றால் அடுத்த எண்ணுக்குப் போவது. பொதுவாக இது ஆமை வேகம். ஆனால் இங்கே முதல் எண்ணே 2³², அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்தால் மிச்சம் 1, அதுவும் ஒரு வர்க்கம், முதல் அடியிலேயே உடைந்துவிட்டது. 4294967295, 4294967297 என்று இரண்டே இரண்டு வித்தியாசத்தில் ஒரு வகுத்தி ஜோடி கிடைத்துவிட்டது.

படி 4: 4294967297 என்ற கடைசிக் கொட்டை

3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். 65537-க்குக்கூட 256 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இந்த வரிசை முழுக்கவே பகா எண்கள்தான் என்று ஃபெர்மா 1640 வாக்கில் நம்பினார், கடிதத்தில் எழுதியும் வைத்தார். கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து, 1732-இல், லியோனார்டு ஆய்லர் அடுத்த எண்ணான 4294967297-ஐ உடைத்துக் காட்டினார்.

அவர் குருட்டாம்போக்கில் வகுத்துப் பார்க்கவில்லை. எந்த மாதிரி எண் இதற்குக் காரணியாக இருக்க முடியும் என்று முதலில் யோசிப்பதுதான் வழி. ப என்ற பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 2³²-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி −1 (அதாவது ப-இன் மடங்குக்கு ஒன்று குறைவு), அதை வர்க்கமாக்கினால் 2⁶⁴-இன் மீதி 1. 2-இன் அடுக்குகளை வரிசையாக எடுத்து ப-ஆல் வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் ஒரு சுற்றில் திரும்பத் திரும்ப வரும், அந்தச் சுற்றின் நீளம் 64-ஐ வகுக்க வேண்டும், ஆனால் 32-ஐ வகுக்கக் கூடாது (வகுத்திருந்தால் 2³²-இலேயே மீதி 1 வந்திருக்குமே). ஆகவே சுற்றின் நீளம் சரியாக 64. ஃபெர்மாவின் சிறு தேற்றத்தின்படி (ப வகுக்காத எந்த எண்ணையும் ப − 1 ஆவது அடுக்குக்கு உயர்த்தி ப-ஆல் வகுத்தால் மீதி 1) இந்தச் சுற்று நீளம் ப − 1-ஐ வகுக்க வேண்டும்.

அதாவது ப என்பது 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்ணாகத்தான் இருக்க முடியும். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று எழுதிக்கொண்டு போங்கள். இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. வெறும் ஐந்து! ஐந்தாவதாக வகுத்துப் பார்க்கும் 641 சரியாகப் போகிறது:

4294967297 = 641 × 6700417

1878-இல் லூக்காஸ் இதை இன்னும் இறுக்கினார். ப-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1 என்பது இப்போது நமக்குத் தெரியும், அப்படிப்பட்ட பகா எண்ணுக்கு 2 என்பது ஏதோ ஓர் எண்ணுடைய வர்க்கத்தின் மீதியாக இருக்கும், அந்த எண்ணின் சுற்று நீளம் 128 ஆகிவிடும். ஆகவே காரணிகள் 128-இன் மடங்கு + 1. பட்டியல் 129, 257, 385, 513, 641 என்று சுருங்கிவிட்டது, அதில் பகா எண்கள் இரண்டே இரண்டு.

641 வகுக்கும் என்பதை வகுக்காமலே காட்டவும் ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 641-ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்: 641 = 5 × 2⁷ + 1, அதேசமயம் 641 = 5⁴ + 2⁴. முதல் வடிவத்தின்படி 5 × 2⁷-இன் மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴-இன் இடத்தில் −2⁴ போடலாம். போட்டால் −2³²-இன் மீதி 1, அதாவது 2³² + 1-இன் மீதி 0. முடிந்தது.

படி 5: 6700417 பகா எண்தானா?

இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. வர்க்கமூலம் சுமார் 2588. சாதாரணமாகப் பார்த்தால் அதற்குள் உள்ள நூற்றுக்கணக்கான பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் 6700417-இன் எந்தக் காரணியும் 2³² + 1-க்கும் காரணிதானே? ஆகவே அதுவும் 128-இன் மடங்கு + 1. 2588-க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டும். வகுத்தால் வரும் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றுகூடப் பூச்சியம் இல்லை, ஆகவே 6700417 பகா எண். ஐந்து வகுத்தல், கையாலேயே செய்துவிடலாம்.

இப்போது முழுக் காரணிப்படுத்தல்:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் முனையத்தில் ஃபேக்டர் என்ற கட்டளையைக் கொடுத்து இதே ஏழும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

படி 6: வகுத்திகளை எண்ணுவது, கூட்டுவது

ஏழும் வெவ்வேறு பகா எண்கள், எதுவும் இரண்டு முறை வரவில்லை. இது தற்செயல் இல்லை. ஒரு ஃபெர்மா எண்ணுக்கு முன்னால் உள்ள எல்லா ஃபெர்மா எண்களையும் பெருக்கி 2 கூட்டினால் அந்த எண்ணே வந்துவிடும் (3 × 5 + 2 = 17, 3 × 5 × 17 + 2 = 257). ஆகவே இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி இருந்தால் அது 2-ஐ வகுக்க வேண்டும், இவை எல்லாமே ஒற்றை எண்கள், ஆகவே பொதுக் காரணி 1 மட்டுமே. பகா எண்கள் முடிவில்லாதவை என்பதற்கு இதுவே ஒரு நிரூபணம். கோல்ட்பாக் 1730-இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இந்த வாதம் இருக்கிறது.

வகுத்தி ஒன்றை உருவாக்க ஏழு பகா எண்களில் ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், ஆகவே மொத்தம் 2⁷ = 128 வகுத்திகள். அவற்றின் கூட்டுத்தொகைக்கு ஒவ்வொரு பகா எண்ணோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்:

4 × 6 × 18 × 258 × 642 × 65538 × 6700418 = 31421980989189888768

இது நம் எண்ணைப் போல் சுமார் 1.703 மடங்கு. எண்ணையே கழித்துவிட்டால் மற்ற வகுத்திகளின் கூடுதல் சுமார் 0.703 மடங்குதான், 1-ஐ எட்டவில்லை. ஆகவே இது குறை எண். 3-உம் 5-உம் 17-உம் சேர்ந்தே 1.694 மடங்கு வரை கொண்டுவந்துவிடுகின்றன, மீதி நான்கும் சேர்ந்து ஒரு சதவீதம்கூடக் கூட்டவில்லை. வகுத்திக் கூடுதலை ஆள்வது எப்போதும் சின்னப் பகா எண்கள்தான்.

படி 7: ஆய்லரின் ஃபை, அதிலிருந்து பலகோணம் வரை

நம் எண்ணைவிடச் சிறியதாக, அதோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? இந்த முறை ஒவ்வொரு பகா எண்ணிலிருந்தும் 1 கழித்துப் பெருக்க வேண்டும்: 2 × 4 × 16 × 256 × 640 × 65536 × 6700416. இதைப் பெருக்கும் முன் உள்ளே பாருங்கள். 640 = 2⁷ × 5, 6700416 = 2⁷ × 3 × 17449, மற்றதெல்லாம் வெறும் 2-இன் அடுக்கு. எல்லாம் சேர்த்து 2⁴⁵ × 3 × 5 × 17449 = 9208981628670443520.

இது நம் எண்ணில் 49.92 சதவீதம். ஏன் இவ்வளவு பாதிக்குப் பக்கத்தில்? 4294967297 மட்டும் பகா எண்ணாக இருந்திருந்தால் விடை சரியாக 2⁶³ ஆகியிருக்கும், பாதிக்கு ஒரு மயிரிழை மேலே. அது 641 × 6700417 என்று உடைந்ததால்தான் அந்தச் சின்னச் சரிவு.

இந்த விடையில் 3, 5, 17449 என்ற ஒற்றைக் காரணிகள் நுழைந்துவிட்டதைக் கவனியுங்கள், அதற்கு ஒரு வடிவியல் விளைவு இருக்கிறது. அளவுகோல், கவராயம் இரண்டை மட்டும் வைத்து ஒழுங்குப் பலகோணம் வரைய, பக்க எண்ணிக்கையின் ஃபை மதிப்பு 2-இன் அடுக்காக இருக்க வேண்டும். 1796-இல் காஸ் 17 பக்கப் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டுபிடித்தார், இந்த நிபந்தனை கட்டாயம் என்பதை 1837-இல் வான்ட்செல் நிறுவினார். 4294967295 பக்கம், அதாவது 3 × 5 × 17 × 257 × 65537 பக்கம் கொண்ட பலகோணத்தைக் கோட்பாட்டளவில் வரையலாம். நம் எண் அளவு பக்கம் கொண்டதை வரையவே முடியாது, 641 குறுக்கே நிற்கிறது.

ஃபையோடு சேர்த்து இன்னொன்றையும் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2, 4, 16, 256, 640, 65536, 6700416 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 17153064960. நம் எண்ணோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணையும் இத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தி நம் எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். 20 இலக்க எண்ணுக்கு 11 இலக்கம்தான், ரொம்பச் சின்னது. 2-க்கோ அவ்வளவுகூட வேண்டாம், 64 போதும்.

படி 8: வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாமா?

இரண்டு வர்க்கங்கள்: முடியாது. நம் எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 3, எந்த இரண்டு வர்க்கங்களைக் கூட்டினாலும் அந்த மீதி வராது. மூன்று வர்க்கங்கள்: அதுவும் முடியாது, 8-ஆல் வகுத்தால் மீதி 7 வரும் எண்களுக்கு மூன்று போதாது. நான்கு எந்த எண்ணுக்கும் போதும் என்று லாக்ராஞ்ச் 1770-இல் நிறுவிவிட்டார், ஆகவே நம் எண்ணுக்கு நான்கு கட்டாயம்.

தடை போடுவது 3 மட்டும்தான். அதை நீக்கிவிட்டால் மீதி ஆறு பகா எண்களும் 4-இன் மடங்கு + 1 வகை, ஆகவே 6148914691236517205 என்ற எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக 32 வெவ்வேறு விதமாக எழுத முடியும்.

முக்கோண எண்ணா, அதாவது 1 + 2 + 3 + … என்று கூட்டி இந்த எண்ணைப் பெற முடியுமா என்றும் கேட்கலாம். 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் முழு வர்க்கம் வர வேண்டும், நமக்கு வருவது 2⁶⁷ − 7. இங்கே ராமானுஜன் வந்துவிடுகிறார்! 2-இன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் வர்க்கமாவது 3, 4, 5, 7, 15 ஆகிய அடுக்குகளுக்கு மட்டும்தான் என்று 1913-இல் அவர் ஊகித்தார், 1948-இல் நாகல் அதை நிறுவினார். 67 அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே முக்கோண எண் இல்லை. இந்த உருவத்தில் வரும் கடைசி முக்கோண எண் 4095.

படி 9: காரணி தெரியாமலே பகு எண் என்று சொல்வது

ஒருவேளை உடைக்கத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். எண் பகா எண்ணாக இருந்தால், அதிலிருந்து 1 கழித்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அதே எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். நம் எண்ணுக்கு 2-இன் சுற்று நீளம் 64. அடுக்கு 2⁶⁴ − 2, அதை 64-ஆல் வகுத்தால் மீதி 62. ஆகவே கிடைப்பது 2⁶², அதாவது 4611686018427387904. இது 1 இல்லை, ஆகவே பகு எண், வழக்கு முடிந்தது.

இதே சோதனையை 4294967297 மீது வைத்தால் ஏமாந்துவிடுவீர்கள். அதற்கும் சுற்று நீளம் 64, அடுக்கோ 2³², அது 64-ஆல் சரியாக வகுபடும், மீதி 1. சோதனை "பகா எண்ணாக இருக்கலாம்" என்று தலையாட்டிவிடும். எந்த ஃபெர்மா எண்ணையும் 2-ஐ வைத்துப் பிடிக்க முடியாது. 3-ஐ வைத்துச் சோதியுங்கள், பெப்பன் 1877-இல் கொடுத்த முறை அதைத்தான் செய்கிறது.

படி 10: இருமத்தில் எழுதிப் பாருங்கள்

இருமத்தில் நம் எண் வரிசையாக 64 ஒன்றுகள். இதை 3-ஆல் வகுத்தால் 01 01 01 என்று 32 முறை வரும். 5-ஆல் வகுத்தால் 0011 திரும்பத் திரும்ப, 17-ஆல் வகுத்தால் 00001111 திரும்பத் திரும்ப. 257, 65537 இரண்டும் இப்படியே எட்டெட்டாக, பதினாறு பதினாறாக. ஒரு 64 பிட் எண்ணில் எத்தனை ஒன்றுகள் இருக்கின்றன என்று வேகமாக எண்ணும் நிரலைப் பார்த்திருந்தால் இந்த மறைப்பு எண்கள் (சில பிட்டுகளை மட்டும் வடித்தெடுக்க உதவுபவை) பழகியவையாக இருக்கும். அவை எல்லாமே நம் எண்ணின் வகுத்திகள்.

641-ஆல் வகுத்துப் பாருங்கள், எந்தக் கோலமும் தெரியாது. காரணம் படி 4-இல் பார்த்ததுதான். 1/3-ஐ இருமத்தில் எழுதினால் 2 இலக்கத்துக்கு ஒருமுறை திரும்பும், 1/5 நான்குக்கு ஒருமுறை, 1/17 எட்டுக்கு, 1/257 பதினாறுக்கு, 1/65537 முப்பத்திரண்டுக்கு. 1/641-உம் 1/6700417-உம் முழு 64 இலக்கத்தையும் எடுத்துக்கொள்ளும், உள்ளே திரும்ப இடமே இல்லை. இருமத்தில் சரியாக 64 இலக்கச் சுற்று கொண்ட பகா எண்கள் உலகத்திலேயே இந்த இரண்டுதான்.

இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. 641 × 6700417 என்பது 2³²-ஐவிட ஒன்றே ஒன்று அதிகம் என்பதால், 32 பிட் எண் எதையும் 641-ஆல் வகுக்க, 6700417-ஆல் பெருக்கி 32 பிட் வலப்பக்கம் நகர்த்தினால் போதும், ஈவு துல்லியமாக வரும். அதேபோல 64 பிட் நிலை கொண்ட தற்போக்கு எண் உருவாக்கி ஒன்று முழுச் சுற்றான 2⁶⁴ − 1 அடிகளையும் கடக்கிறதா என்று பார்க்க யாரும் அத்தனை அடியையும் ஓட்டிப் பார்ப்பதில்லை. நேரியல் வகை உருவாக்கி என்றால், முழுச் சுற்று முடிந்ததும் தொடங்கிய இடத்துக்கு வருகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, நம் எண்ணை ஏழு பகா எண்களால் தனித்தனியே வகுத்து வரும் ஏழு அடிகளிலும் அப்படி வரவில்லையா என்று பார்க்கிறார்கள், தாவித் தாவிப் போகலாம் என்பதால் நொடியில் முடியும். காரணிப்படுத்தல் தெரியாமல் இந்தச் சோதனையைத் தொடங்கவே முடியாது.

படி 11: அக்கம்பக்கம்

ஒன்று கூட்டினால் 2⁶⁴, வெறும் இரண்டுகள். ஒன்று கழித்தால் 2 × 7² × 73 × 127 × 337 × 92737 × 649657, இங்கே 7 இரண்டு முறை வருகிறது. கீழே மிக அருகில் உள்ள பகா எண் 2⁶⁴ − 59, மேலே 2⁶⁴ + 13.

இரண்டு கூட்டினால் வருவது அடுத்த ஃபெர்மா எண், 2⁶⁴ + 1. அதை 1880-இல், தம் எண்பதுகளில் இருந்த லாண்ட்ரி 274177 × 67280421310721 என்று உடைத்தார். நம் எண்ணையும் இதையும் பெருக்கினால் 2¹²⁸ − 1, 39 இலக்கம். இதுவரை செய்த எதையும் திரும்பச் செய்ய வேண்டாம், பழைய ஏழோடு புதிய இரண்டு பகா எண்கள் சேர்கின்றன, வகுத்திகள் 512, அவ்வளவே. 2²⁵⁶ − 1-க்குப் போக 2¹²⁸ + 1-ஐ உடைக்க வேண்டும், அது 1970-இல் மாரிசன், பிரில்ஹார்ட் இருவரும் கணினியில் செய்தது: 59649589127497217 × 5704689200685129054721. அதற்கடுத்ததை 1980-இல் பிரென்ட்டும் போலார்டும் உடைத்தார்கள். ஆக 155 இலக்கம் கொண்ட 2⁵¹² − 1-க்குப் பதின்மூன்று பகாக் காரணிகள், 8192 வகுத்திகள் என்று 1980-லேயே எழுதிவிட முடிந்தது. அதே 155 இலக்கம் கொண்ட, ஆனால் எந்த உருவமும் இல்லாமல் இரண்டு 78 இலக்கப் பகா எண்களைப் பெருக்கி வைத்த ஆர்எஸ்ஏ-155 என்ற எண் உடைய 1999 வரை ஆனது, அதுவும் நூற்றுக்கணக்கான கணினிகள் மாதக்கணக்கில் உழைத்த பிறகு.